மூச்சு மிசினில் மிச்சமிருந்த கேஸ்

அத்தியாயம் 6

கோல சிலாங்கூருக்குப் பக்கத்து அசாம் ஜாவாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அந்த ஒற்றை வீட்டின் கூடத்தில் அன்று மத்தியானம் இருந்தவர்கள் ஐந்து பேர். காற்றாடிக்கு நேர் கீழே, நீள சோபாவின் நடுவில், திலகா. துப்பறிய ஆள் வைத்தவள் அவள்தான். வாசற்கதவை ஒட்டிய முக்காலியில் அவள் கணவன் லோகேஸ்வரன், கார் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்துவிடுகிறவன் போல. சமையலறை நிலைப்படியோரம் தரையில் வேலம்மா. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சன்னல் திட்டில் செல்லன். சாப்பாட்டு மேசையில், ஒரு துண்டை விரித்துவைத்து, மாடில்டா.

மூலையில் பிரம்பு நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அது கிராணி சிவானந்தத்தினுடையது. தோட்டத்து ஆபீசில் காலமெல்லாம் பேர் பதிந்து ஓய்வுபெற்று, மனைவி போனபின் இந்த வீட்டில் தனியாக இருந்த மனிதர். போன மாதம் ஒரு விடியற்காலையில் அதே நாற்காலியில் உயிர் அடங்கிக் கிடந்தார். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவர் மனைவியின் இரட்டை வடச் சங்கிலியைப் பற்றித்தான். அலமாரியில் இருந்தது, காணோம். அவரைக் கடைசியாகப் பார்த்தவள், மாலைதோறும் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் வேலம்மா. ஆகவே வேலம்மாதான் எடுத்தாள் என்று மருமகள் திலகா போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். போலீசுக்குச் சாட்சி கிடைக்கவில்லை. திலகா மாடில்டாவைத் தேடி வந்தாள்.

மாடில்டா முன்பு ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது கோல சிலாங்கூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை பிடித்து, அதிலேயே தொழில், அதிலேயே சாப்பாடு, அதிலேயே தூக்கம். பேச்சுத்துணைக்குச் செல்லன் ஒருவன்தான். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன். பிள்ளைகளிடம் வாய் கொடுத்துப் பழகியதால் பெரியவர்களிடம் வாயை மூடத் தெரியாது.

“அக்கா, காலையிலேருந்து நொச்சி ஆவி புடிச்சிக்கிட்டே இருக்கோம். இந்த வீட்டுக் கொசுவுக்கெல்லாம் மூக்கடைப்பு போயி நல்லாப் பாடுது” என்றான்.

மாடில்டா சிரிக்கவில்லை. துண்டின்மேல் இருந்த சாமானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைவிளக்கு நீளத்தில் ஒரு உலோகக் குழல். அடிப்பாதியில் லைட்டருக்கு ஊற்றுகிற கேஸ் நிற்கும். மேல்பாதியில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் காய்ந்த நொச்சியும் துளசியும் போட்டுப் பொத்தானை அழுத்தினால், நெருப்பு இலையைத் தொடாமல் சூட்டை மட்டும் அனுப்பும். வாய்க்குழலில் உறிஞ்சினால் இலையின் ஆவி நெஞ்சுக்குள் இறங்கும். இழுப்புக்காரரான சிவானந்தம், பட்டணத்துக் கைப்பேசிக் கடைக்காரனைப் பிடித்து இணையத்தில் வரவழைத்தது. ‘மூச்சு மிசின்’ என்று பேர் வைத்திருந்தார். அவர் இறந்த காலையில் அது நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்தது. பிறகு யாரும் தொடவில்லை.

வேலம்மாவின் வாக்குமூலம் எளிமையானது. விளக்கு வைத்த நேரத்தில் மிசினுக்குத் தினமும்போல் கேஸ் ஏற்றினாள். அவள் எதிரில் ஐயா ஒரு கிண்ணம் ஆவி பிடித்தார். அவள் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, திரும்பிவிட்டாள். சங்கிலியை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவள் போனபின் வேறு யாராவது வந்தார்களா? அதைச் சொல்ல வாயுள்ள சாட்சி யாரும் இல்லை. வாயில்லாத சாட்சி ஒன்றே ஒன்று, இந்தக் குழல். அதில் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று பார்க்கலாம், எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பார்க்கலாம், இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இடைவெளி இருந்தால் அங்கே ஓர் ஆள் நிற்பான். மாடில்டா பிடித்த ஒரே நூல் அதுதான்.

மிச்சமிருந்த கேஸில் ஐந்து கிண்ணம் இலை சூடானது. பிறகு அவளே பின்வாசலில் தனியாக வயிறு முட்ட ஏற்றி, அணையும்வரை விட்டுப் பார்த்தாள். எட்டு. இன்னொருமுறை ஏற்றினாள். மறுபடியும் எட்டு.

எட்டில் ஐந்து போக மூன்று. வேலம்மா எதிரில் ஒன்று, அவள் போனபின் தூக்கம் வராமல் இரண்டு. கணக்கு அச்சு பிசகாமல் உட்கார்ந்தது. இடைவெளி இல்லை.

“அப்ப வேற யாரும் வரலை. நான் மொதல்லேயே சொன்னேன்லா” என்றாள் திலகா. குரலில் வெற்றிகூட இல்லை, களைப்புதான் இருந்தது.

வேலம்மா முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். இது சீக்கிரம் தீர வேண்டிய அவசரம் அவளுக்கு எதற்கு என்று மாடில்டாவுக்குத் தெரியும். தோட்டம் கைமாறிவிட்டது, லயத்தை இடிக்கப்போகிறார்கள், பக்கத்து வீடுகள் ஏற்கனவே காலி. புக்கிட் செந்தோசாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை சொல்லியிருந்தார்கள், படுக்க அறையோடு. இல்லத்தை நடத்தும் அன்னம்மா சிஸ்டர் போலீஸ் விஷயத்தைக் கேள்விப்பட்டு நிறுத்திவைத்திருந்தார். புகார் கொடுத்த குடும்பமே, இவள் எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போனில் யாரும் யாரையும் நல்லவள் என்று சொல்லிவிடலாம், கடுதாசி வரட்டும், இந்த வாரத்துக்குள் வராவிட்டால் இடம் வேறொருத்திக்கு என்று சொல்லிவிட்டார். திருடி என்ற பேரோடு, இடிந்துபோன லயத்திலிருந்து, வேலம்மா எங்கே போவாள்? அவளைக் கேட்டால், எங்கேயும் இல்லை என்பாள். அதைச் சாதாரணமாகவே சொல்வாள்.

லோகேஸ்வரன் எழுந்தான். ஆனது ஆச்சு, அப்பாவே போய்விட்டார், சங்கிலி போனால் போகட்டும், வீட்டுக்குப் போகலாம் என்று மனைவியிடம் முணுமுணுத்தான். அவன் முதலிலிருந்தே இப்படித்தான். துப்பறிய ஆள் வேண்டாம் என்றான்; தான் இந்தப் பக்கம் வந்தே பல மாதம் ஆகிறது, அந்த மிசினைக் கையால் தொட்டதுகூட இல்லை என்றான்.

மாடில்டா எழவில்லை. கணக்கு சரியாக இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. தனியாக இருக்கிறவளுக்குத் தெரிகிற உறுத்தல் அது. ஒருமுறை ஏற்றினால் பல நாள் வரும் சாமானுக்கு, வேலம்மா ஏன் தினமும் கேஸ் ஏற்றினாள்?

“வேலம்மா, ஒரு தரம் நீங்க ஊத்திக் காட்டுங்க” என்றாள்.

கணவனையும் மனைவியையும் கூடத்தில் விட்டுவிட்டு, மூவரும் பின்வாசல் திண்டுக்குப் போனார்கள். குழலில் கேஸ் ஏற்றும் துளை வெளியே தெரியாது. நடுவிலிருக்கும் வளையத்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். அதைக் கண்டுபிடிக்க மாடில்டாவே காலையில் கைப்பேசிக் கடைக்காரனிடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது. வேலம்மா செல்லனுக்கு முதுகு காட்டி நின்றபடி சட்டென்று திருப்பினாள். கேஸ் டின்னைத் தரையில் நேராக நிறுத்தினாள். குழலின் துளையை டின்னின் மூக்கில் வைத்து மேலிருந்து அழுத்தினாள். புஸ் என்றது. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு எடுத்தாள்.

“அவ்வளவுதான்” என்றாள்.

செல்லன் வாயைத் திறந்தான். மாடில்டா அவன் காலை மிதித்தாள்.

“டின்னைத் தலைகீழாப் புடிச்சி ஊத்தமாட்டீங்களா?”

வேலம்மாவின் முகம் சுருங்கிப்போனது. “என்னங்க பேசுறீங்க. சீக்காளி இருக்கிற வீட்ல, விளக்கு வச்ச நேரத்துல, ஒரு சாமானைக் கவுப்பாங்களா? எழவு வீட்லதான் கவுப்பாங்க. கஞ்சிப் பானையக்கூட நான் கழுவி நிமித்தித்தான் வச்சிட்டுப் போவேன்.”

மாடில்டா குழலை வாங்கி, இலை போட்டு, பொத்தானை அழுத்தினாள். ஒரு கிண்ணம் சூடானது. இரண்டாவது கிண்ணம் பாதியில் கருகாமல் வேகாமல் நின்றது. அணைந்துவிட்டது.

மூவரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். சோபாவில் திலகா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தப்பு என்னுடையது” என்றாள் மாடில்டா. “மிசினைப் பரீட்சை பண்ணினேன். கையைப் பரீட்சை பண்ண மறந்துட்டேன்.”

பிறகு அவள் விளக்கியது இது. டின்னுக்குள் அடியில் கிடப்பது தண்ணிபோன்ற கேஸ், மேலே நிற்பது காற்றுபோன்ற கேஸ். தலைகீழாகப் பிடித்தால் தண்ணி இறங்கும். நேராகப் பிடித்தால் காற்றுத்தான் ஏறும். வேலம்மா ஏற்றியது ஒன்றரைக் கிண்ணத்துக்குக் காணும். அதில் ஒன்றை அவள் எதிரிலேயே பிடித்துவிட்டார். மிச்சம் அரை. ஆனால் காலையில் இருந்ததோ ஐந்து. சிவானந்தம் தானாக ஏற்றியிருக்க முடியாது. பக்கவாதத்தில் இடக்கை விழுந்தவர், இந்த வேலைக்கு இரண்டு கை வேண்டும்.

“வேலம்மா போனதுக்கப்புறம் ஒரு ஆள் வந்திருக்கு. டின்னைக் கவுத்துப் புடிக்கத் தெரிஞ்ச ஆள்.”

“அப்படிப் பாத்தா லைட்டர் வச்சிருக்கிற ஊரே குத்தவாளி அக்கா. அசாம் ஜாவா மேலேயே கேஸ் போட வேண்டியதுதான்” என்றான் செல்லன்.

அது நியாயமான பேச்சுதான். மாடில்டா குழலைக் காலி செய்து, டின்னோடு திலகாவிடம் நீட்டினாள். எல்லோரும் ஒருதரம் முயற்சி செய்துவிடலாம், ஆட்களைக் கழித்துக்கொண்டே வரலாம் என்றாள். திலகா அதைச் செத்த எலிபோல இரண்டு விரலில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, எங்கே ஊற்றுவது என்று கேட்டாள். செல்லனிடம் போனது. மாடில்டா கைப்பேசிக் கடைக்குள் இருந்த நேரத்தில் அவன் வெளியே தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தவன். ஆகவே அவனுக்கும் தெரியாது. அடியைத் தட்டினான், தலையைத் திருகினான், வாய்க்குழலுக்குள் டின்னைச் செருகப் பார்த்தான்.

“இது மாடா இருந்தா மடி எங்கன்னாவது கேக்கலாம்” என்று பெருமூச்சு விட்டான்.

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று தரையை அதிரவைத்துக்கொண்டு போனது. லோகேஸ்வரனுக்குப் பொறுமை போய்விட்டது. நேரமாகிறது, இங்கே கொடு என்று எழுந்துவந்து, செல்லன் கையிலிருந்து குழலைப் பிடுங்கினான். வளையத்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பினான். பின்வாசலுக்கு ஓரெட்டு வைத்து, டின்னைக் கவிழ்த்து, துளையில் நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை அழுத்தினான்.

அப்புறம்தான் தன் கையைப் பார்த்தான்.

செல்லன் மெதுவாகக் கேட்டான். “சார், தொட்டதே இல்லைன்னு சொன்ன சாமானுக்குத் தொப்புள் எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சிச்சு?”

லோகேஸ்வரன் திரும்பிவந்து முக்காலியில் உட்கார்ந்தான். சாவி கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

“வந்தேன்” என்றான்.

அன்றைக்கு அவன் கம்பெனி விருந்து பாசிர் பெனம்பாங்கில், ஆற்றோரக் கடலுணவுக் கடையில். ஷா ஆலமிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டான், நேரம் இருந்தது, அப்பாவை எட்டிப் பார்க்கலாம் என்று வந்தான். அப்பா நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மடியில் மிசின் அணைந்து கிடந்தது. வளையத்தைத் திருப்பச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இவன் டின்னைக் கவிழ்த்து முழுசாக ஏற்றினான். அப்பா ஒரு கிண்ணம் பிடித்ததும் முகம் தெளிந்தது. இவனுக்குப் பெருமையாக இருந்தது.

“இப்படி ஊத்துனா ஒரு வாரம் ஓடும்பா, வேலம்மாக்கா தெனம் வந்து கஷ்டப்பட வேணாம்னு சொன்னேன். சிரிச்சாரு. எனக்குத் தெரியும்டா, தெரிஞ்சுதான் அதுகிட்டச் சொல்லலைன்னாரு.” நிறுத்தினான். “அப்புறம் கேட்டாரு. இப்ப ரொப்பிட்டியே, நாளைக்கு யாருடா வருவான்னு.”

வேலம்மா தலை நிமிர்ந்தாள். எத்தனையோ தடவை அவள் அவரிடம் கேட்டிருக்கிறாள், ஐயா, இது தினம் தீர்ந்துபோகிறதே, பழுதா என்று. இந்த மிசின் சாதியே அப்படித்தான், தினம் ஊற்றணும் என்றுதான் ஒவ்வொருமுறையும் சொல்லியிருக்கிறார். இதை அவள் யாருக்கும் இல்லாமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

ராத்திரி மூச்சைக் கொடுத்து மாலைத் துணையை வாங்கியிருக்கிறார் மனிதர் என்று மாடில்டா நினைத்துக்கொண்டாள். சைக்கிள் கடை மாடியில், குழாய் சரிசெய்ய வந்தவனிடம் இன்னொரு குழாயும் ஒழுகுகிறது என்று அவள் சொன்ன நாள் ஒன்று உண்டு. ஒழுகவில்லை.

“சங்கிலி?” என்றாள்.

லோகேஸ்வரன் மனைவியைப் பார்க்காமல் சொன்னான். அப்பாதான் அலமாரியைத் திறக்கச் சொல்லி எடுத்துக்கொடுத்தார். காரின் ஸ்பேர் டயருக்கு அடியில் இருக்கிறது.

“எனக்குக் குடுக்கச் சொன்னாரா?” என்றாள் திலகா. அந்தக் கேள்வியில் ஓர் ஆசை இருந்தது, சங்கிலியின் மேல் மட்டுமில்லாத ஆசை.

“இல்ல திலா. வேலம்மாக்காவுக்கு.”

காற்றாடி சுற்றியது.

“நான் குடுத்தா அது வாங்காது, நீ குடுத்தா குடும்பமே குடுத்த மாதிரின்னு சொன்னாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லிக்கலாம்னு வச்சேன். காலையில போன் வந்திருச்சு. நீ அலமாரியத் தொறந்துட்டு, வேலம்மாதானேன்னு என்னையக் கேட்ட. நான்...” தலையை ஆட்டிக் காட்டினான். “இவ்வளவுதான் பண்ணுனேன்.”

“கொஞ்சம் இருந்துட்டுப் போடான்னு சொன்னாரா?” என்று கேட்டாள் வேலம்மா. முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“சொன்னாரு.”

திலகா கேட்டாள், கேள்வியில்லாத ஒரு குரலில்: “அன்னிக்கு ராத்திரி வந்து, எறா நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க.”

செல்லன் குனிந்தான். சாவியைப் பொறுக்கிக்கொண்டு காருக்குப் போனான். திரும்பிவந்து, கைக்குட்டையில் முடிந்த சங்கிலியை மேசையில் வைத்தான். வேலம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று லோகேஸ்வரன் எதிர்பார்த்தது தெரிந்தது. அப்படிச் சொன்னால் அவனுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

“குடுங்க” என்றாள் வேலம்மா. “ஐயா குடுத்ததை வேணாம்னு சொல்ல நான் என்ன அவ்வளவு பெரிய மனுசியா.” வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள். “இது கெடக்கட்டும் தம்பி. எனக்குக் கடுதாசி வேணும்.”

அஞ்சல் நிலையம் மூடுவதற்குள் எழுதியாக வேண்டும். மாடில்டா தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தாள். போலீஸ் நிலையத்துக்கு நாளைக் காலையில் கணவனும் மனைவியும் நேரில் போக வேண்டும், தானும் கூட வருவேன் என்று சொன்னாள். திலகா தலையசைத்தாள். லோகேஸ்வரன் எழுதினான். எழுதியதை வாசிக்கச் சொன்னாள் வேலம்மா. மதிப்புக்குரிய அம்மையாருக்கு, குடும்பத்தில் நடந்துபோன ஒரு தவறான புரிதலால், என்று தொடங்கியது.

“நடந்துபோச்சுன்னு போடாதீங்க தம்பி. அது கால் மொளைச்சு நடந்து போகல. நீங்க தலைய ஆட்டுனீங்க.”

அவன் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தான். இந்தமுறை நேரமெடுத்தது. முடித்ததும் அவனே வாசித்தான். சங்கிலி என்னிடம் இருந்தது. என் தகப்பனார் அதை வேலம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் கொடுக்கவில்லை. வேலம்மா எடுத்ததாக என் மனைவி நினைத்தபோது, இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும் ஆமாம் என்றேன். என் தகப்பனாருடைய கடைசி மாலை வரையில் தினமும் அவரோடு இருந்தவர் இந்த அம்மாள்தான். கீழே முழுப் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் திலகாவும் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

செல்லனின் வண்டியில் வேலம்மாவும் ஏறிக்கொண்டாள். வேண்டாம், நாங்களே போட்டுவிடுகிறோம் என்று செல்லன் சொல்லிப் பார்த்தான். வாய்வார்த்தைக்கு ஒருமுறை தலைகொடுத்தவள், கடுதாசி போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். கோல சிலாங்கூர் அஞ்சல் நிலையத்தில் கடைசி வாடிக்கையாளர்கள் அவர்கள். மாடில்டா உறையின்மேல் புக்கிட் செந்தோசா முகவரியை எழுதினாள். பசை தடவி மடித்ததும், வேலம்மா அதை வாங்கி, பலகையின்மேல் வைத்து, மாவு பிசைகிற அழுத்தத்தோடு உள்ளங்கையால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தேய்த்தாள்.

முகப்பிலிருந்த மலாய்ப் பெண் எடை போட்டு, விரைவு அஞ்சல் வில்லையை ஒட்டினாள். எப்போது போய்ச் சேரும் என்று வேலம்மா மலாயில் கேட்டாள். நாளைக்கே என்றாள் அந்தப் பெண்.

“அப்ப நான் போய்த் துணிமணிய எடுத்து வைக்கிறேன்” என்றாள் வேலம்மா. ஆனால் நகரவில்லை. அந்தப் பெண் உறையைத் தூக்கிப் பின்னாலிருந்த சாக்கில் போடும்வரை நின்றாள். சாக்கின் வாயைக் கட்டும்வரையும் நின்றாள்.